யாருக்குப் போட்ட சீட்டு

தலைகீழாகத் தொங்குகிறவனைத்தான் முதலில் வைக்கிறாள். அவனுக்குப் பக்கத்தில், அடுக்கிய கிண்ணங்களை அப்படியே விட்டுவிட்டுக் கோலூன்றிக் கிளம்புகிறவன். அவனுக்கும் அப்பால், வெள்ளைக் குதிரை மேல் கவசம் போட்ட எலும்புக்கூடு. மூன்று சீட்டையும் பாயில் வரிசையாக வைத்துவிட்டுச் சந்திரம்மா எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பார்க்கிறாள். பிறகு எழுந்து பழைய இடத்துக்கே வந்து பார்க்கிறாள். அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தள்ளுகிறது. "இருடி, வரேன்" என்கிறாள், சோற்றைப் பார்த்து.

பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசை வீடுகள் இருந்தால் இந்த ஊரில் அதற்கு வட்டாரா என்று பெயர். எங்கள் வட்டாராவில் குழாயடிக்கு நேர் எதிர் வீடு அவளுடையது. ஐம்பதை நெருங்கும் வயது. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. கண்டோன்மென்டில் ஒரு சிறுபிள்ளைப் பள்ளியில் ஆயா. சேலைத் தலைப்பில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் குத்தியிருக்கும்; எந்தக் குழந்தைக்கு எப்போது பொத்தான் அறும் என்று சொல்ல முடியாதாம். என்னோடு தமிழ், குழாயடியில் கன்னடம், வளையல்காரரோடு உருது. கோபம் மட்டும் இங்கிலீஷில் வரும். முறத்தில் காயும் மிளகாயைக் காக்கை கிளறினால், "ஸ்டுப்பிட்! கெட் அவே!" என்று கத்துவாள். கோப்பைக்கு அடியில் சாஸர் இல்லாவிட்டால் டீயைத் தொடமாட்டாள்.

இதெல்லாம் ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலை பார்த்த பழக்கம். அந்த வீட்டுத் துரைசானிக்கு டாரட் சீட்டில் பைத்தியம். வெள்ளைக்காரர்கள் குறி பார்க்கும் படச்சீட்டு அது. சந்திரம்மா அதை 'டேரா சீட்டு' என்பாள். வட்டாராவில் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வியாழக்கிழமை பிற்பகல்களில் துரைசானியின் தோழிகள் வருவார்கள், வட்ட மேசையில் சீட்டு விரியும், ஒவ்வொரு படத்துக்கும் அர்த்தம் சொல்லப்படும். டீ கொண்டுபோகிற சந்திரம்மாவுக்கு அந்த அர்த்தங்கள் பாதிப் பாதியாகத்தான் காதில் விழுந்தன.

"ரெண்டு கிண்ணம்னா கல்யாணம், சார். மூணு பொம்பளைங்க கிண்ணத்தத் தூக்கிக்கினு ஆடுனா சந்தோசம். அஞ்சு கிண்ணம் வந்தா... அதுக்குள்ள கேக்கு கருகுற வாசன வந்துடுச்சு, ஓடிட்டேன். இடி விழற கோபுரம் வந்தா எல்லாம் 'ஓ'ன்னுவாங்க. எதுக்கு 'ஓ'ன்னு கேட்டா, ஜல்தி பால் கொண்டான்னுவாங்க."

அர்த்தம் பாதியே தெரிந்த சீட்டுகளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஒன்றுமே தெரியாத மூன்று சீட்டுகள்தான் அவளைப் பிடித்து ஆட்டுகின்றன.

சுதந்திரம் வந்த மறு வருஷம் துரைசானி சீமைக்குக் கிளம்பினாள். அந்தக் காலையைச் சந்திரம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"சாமானெல்லாம் லாரில ஏறிடுச்சு. வட்ட மேசை ஒண்ணுதான் பாக்கி. 'சந்திரா, கம்'னாங்க. போயி எதிர்ல நின்னேன். சீட்ட கலைச்சாங்க, இந்த மூணையும் வெச்சாங்க. வெச்சிட்டு அழுதாங்க. அழுதுக்கினே இங்கிலீஷ்ல கடகடன்னு சொன்னாங்க. 'வெயிட்'டுன்னு ஒரு வார்த்த மட்டும் விழுந்துச்சு. அதுக்கு முன்னால 'டோன்ட்' இருந்துச்சா இல்லியா, அதான் தெரியல. மூக்கடைச்சிக்கினு பேசுனா எப்பிடி சார் தெரியும்? அப்புறம் சீட்டுக்கட்ட என் கையில திணிச்சிட்டு காருல ஏறிட்டாங்க."

காத்திரு என்றாளா, காத்திருக்காதே என்றாளா? சந்திரம்மாவைச் சீமைக்கு அழைத்துக்கொள்வதாகத் துரைசானி எப்போதோ ஒருமுறை சொன்னதுண்டாம். அது சீட்டுப் போட்டதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் அவளுக்கு நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று டிரங்குப் பெட்டியில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் வெயிலில் போட்டு எடுப்பாள்.

நான் மின்சார ஆபீஸில் குமாஸ்தா. இங்கிலீஷ் படித்தவன் என்று நம்பி முதலில் என்னிடம்தான் சீட்டைக் கொண்டுவந்தாள். தொங்குகிறவனின் பெயர் அடியில் அச்சாகியிருந்தது. அகராதியைப் பார்த்து, "தூக்கிலிடப்பட்டவன்" என்றேன். "கயிறு காலுல கட்டியிருக்குதே சார்? மூஞ்சியப் பாருங்க, கோயில்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்குறான். தலையச் சுத்தி வெளிச்சம் வேற" என்றாள். அகராதியை மூடிவிட்டேன்.

ரேஷன் கடையில் எடை போடும் கிருஷ்ணப்பா எலும்புக் குதிரைக்காரனை வெகுநேரம் பார்த்தார். "யமனுக்கு எருமை அல்லவா? வெள்ளைக் குதிரை மேல வந்தா இவன் யமன் அல்ல ரீ, கல்கி" என்று கன்னட வாடையில் தீர்ப்புச் சொன்னார். மாதாகோயில் உபதேசியார் தியோடர், இது சாத்தானின் சீட்டு என்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். விரலிடுக்கில் பார்த்தபோது குதிரைக்கு எதிரில் ஒரு பிஷப் கைகூப்பி நிற்பது தெரிந்தது. "பிஷப் நிக்கிறாரே!" என்று சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிஷப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் சின்னக் குழந்தை ஏன் பயப்படவில்லை என்று என்னைக் கேட்டார்.

போதாததற்கு இன்னொரு சிக்கல். சீட்டு நேராக விழுந்தால் ஒரு அர்த்தம், தலைகீழாக விழுந்தால் வேறு அர்த்தம். இதைச் சந்திரம்மா டீ கொடுக்கும்போது தெளிவாகவே கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் கண்ணுக்கு அந்த ஆள் தொங்கிக்கொண்டிருந்தான். அப்படியானால் எதிரில் இருந்த துரைசானிக்கு அவன் ஒற்றைக் காலில் நின்றிருப்பான். "எனக்குத் தொங்குனா அவங்களுக்கு நிக்கிறான். எது கணக்கு?" பாயின் இரண்டு பக்கமும் மாறி மாறி உட்காருவது இதற்காகத்தான்.

இது வெறும் பொழுதுபோக்கு என்றால் நான் எழுத வந்திருக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் வெங்கடசாமி வருவார். அதே பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர், மனைவியை இழந்தவர். துரைசானி போனபின் ஆனேக்கல் வழியில் உள்ள சந்தாபுராவுக்குப் போய், கொஞ்சம் நிலத்தில் செவ்வந்தியும் கனகாம்பரமும் போடுகிறார். சிட்டி மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு, சாக்கைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு வட்டாராவுக்கு வருவார். சந்திரம்மா சாஸரோடு டீ கொடுப்பாள். அவர் சாஸரைத் தரையில் வைத்துவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். அதிகம் பேசமாட்டார். சந்தாபுராவுக்கே வந்து தன்னோடு இருந்துவிடும்படி எப்போதோ கேட்டுவிட்டார். அவருடைய தங்கையே வந்து முறையாகவும் கேட்டாயிற்று. சந்திரம்மாவின் பதில் ஒன்றுதான்: "சீட்டு இன்னும் தெளியலியே."

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது.

"சந்திரா, நான் கோவத்துல சொல்லல. அடுத்த வாரம் வரேன். வரேன்னா வரேன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. தெரியலன்னு மட்டும் இன்னொரு தரம் சொல்லாத. அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அந்த வாரம் அவள் வீட்டில் தினமும் சோறு அடிப்பிடித்தது. கிண்ணத்தை விட்டுவிட்டுப் போகிறவன் யார்? துரைசானியா, தானா? எதை விட்டுவிட்டு எங்கே போவது? சந்தாபுராவுக்கா, சீமைக்கா? கல்கி என்றால் நல்லதா கெட்டதா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். வியாழக்கிழமைத் தோழிகளில் ஒருத்தி, ஆங்கிலோ-இந்தியப் பெண், பியானோ சொல்லித்தரும் மிஸ் ஜூடித், இன்னும் குக் டவுனில் இருக்கிறாளாம். இத்தனை வருஷம் போகத் தயக்கம். "இங்கிலீஷ்ல சொன்னா நீங்க புரிஞ்சுக்கினு சொல்லுங்க சார். நான் மறுபடியும் பாதியே கேட்டுக்கினு வந்துடுவேன்." அவளோடு நான் போனேன்.

மிஸ் ஜூடித் நன்றாகவே தமிழ் பேசினாள். "மை காட், சந்திரா! இன்னும் அதை வெச்சிருக்கியா?" என்று சிரித்தாள். சந்திரம்மா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே மூன்று சீட்டையும் பியானோ மூடிமேல் வைத்தாள். ஜூடித் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, எலும்புக்கூட்டுச் சீட்டைத் தொட்டாள்.

"இது சாவு இல்லே. பழசு முடியுது, புதுசு வருது, அவ்வளவுதான். தலைகீழா வந்தா, முடியாம இழுத்துக்கிட்டே இருக்கும். எப்படி வந்துச்சு?"

"அதான் மிஸ்ஸி தெரியல. எனக்கு நேரா இருந்துச்சு. தொரசானி எதிர்ல உக்காந்திருந்தாங்க."

"சரி, நீ கட் பண்ணியா?"

"இன்னாது?"

"கட்டை ரெண்டாப் பிரிச்சு வெச்சியா? யாருக்குப் பாக்கறோமோ அவங்க கை சீட்டுல படணும். எங்க எல்லாரையும் கட் பண்ணச் சொல்லுவா உன் துரைசானி. அது இல்லாம ஒரு நாளும் போட்டதில்லே."

சந்திரம்மா தன் கைகளைப் பார்த்தாள். "நான் தொடவே இல்லியே. வழிக்கு டீ ஊத்துன பிளாஸ்க்கு கையில இருந்துச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன்."

ஜூடித் கண்ணாடியைக் கழற்றினாள். குரல் தணிந்துவிட்டது. "அப்போ அது உனக்கு இல்லே, சந்திரா. தனக்கே போட்டுக்கிட்டிருக்கா. இங்கேயே பாதி ஆயுசு கழிச்சவ. அங்க போயி என்ன ஆகும்னு பயந்திருப்பா. தனியாப் பாக்க முடியாம உன்னைக் கூப்பிட்டிருப்பா."

"'வெயிட்'டுன்னு சொன்னாங்களே மிஸ்ஸி?"

"யாருக்குத் தெரியும்? லாரிக்காரனைச் சொல்லியிருக்கலாம்."

சந்திரம்மா முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட பஸ் பிரயாணியைப் போல நின்றாள். ஜூடித்துக்கு என்னவோ போலாகி, சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினாள். "இப்போ நான் உனக்குப் போடறேன். இந்தா, கட் பண்ணு."

சந்திரம்மா கையை நீட்டினாள். சீட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றது.

"வேணாம் மிஸ்ஸி. இத்தினி வருசமா அடுத்தவங்க சீட்டையே என்னால புரிஞ்சுக்க முடியல. எனக்கும் ஒண்ணு போட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போயிற்று. அது போய் முடிந்து, கேட் திறந்து, சைக்கிள்களெல்லாம் கடந்த பிறகும் அவள் நகரவில்லை.

"சார், அவங்க பயந்தாங்களா? எனக்குத் தெரியலியே. எனக்குத்தான் பாக்குறாங்கன்னு நான் என் பாட்டுக்கு நின்னேன். 'பயப்படாதீங்கம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

சேலைத் தலைப்பிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, மறுபடி அதே இடத்தில் குத்திக்கொண்டாள்.

"மனசு லேசான மாதிரியும் இருக்குது. இன்னாவோ தொலைச்சிட்ட மாதிரியும் இருக்குது. எதுன்னு தெரியல. இதுக்கும் ஒரு சீட்டு இருக்கும் இல்ல?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை வெங்கடசாமி வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். வானம் மூட்டமாக இருந்தது. நான் ஆபீஸிலிருந்து வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, செருப்பைச் சந்திரம்மாவின் வாசலில் கழற்றிப் போட்டு உள்ளே போனார். திறந்த கதவு வழியாக இருவரும் தெரிந்தார்கள். டீ வந்தது. அவர் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னா சொல்ற?" என்றார்.

"அது எனக்குப் போட்ட சீட்டே இல்லியாம்."

"ம்."

"அப்பிடின்னா எனக்கு இன்னா நடக்கும்னு இதுவரைக்கும் யாரும் சொல்லவே இல்ல."

"எனக்குந்தான் யாரும் சொல்லல" என்றார் வெங்கடசாமி.

அவள் அவரைப் பார்த்தாள். அந்தக் கோணத்தில் அவள் யோசித்ததே இல்லை போலிருந்தது. "எனக்கு இன்னும் ஒண்ணும் புரியலய்யா. சத்தியமா."

அவர் சாக்கை மடித்துத் தோளில் போட்டார். "ஆனேக்கல் பஸ்ஸு போயிடும். நான் கெளம்பட்டா?"

தூறல் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் துணி எடுக்கிற பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். சந்திரம்மா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, படியில் நனைந்துகொண்டிருந்த அவருடைய செருப்பை எடுத்து, ஒன்றோடு ஒன்று தட்டிச் செம்மண்ணை உதறிவிட்டு, கதவுக்கு உள்பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.