அக்கறை பேட்ஜ்

என் மகள் படிக்கும் பள்ளிக்கு நான்தான் பேட்ஜ் வரைந்து கொடுத்தேன். சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ் இல்லை; பள்ளியின் செயலியில் மாணவர் பெயருக்குக் கீழே தெரியும் சின்னச் சின்ன வட்டப் படங்கள். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, கடை லோகோ என்று டிசைன் செய்துகொண்டிருந்தேன். புத்தூரில் இருக்கும் அந்தப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

செயலிக்குப் பொறுப்பான ஆசிரியை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வரைந்தேன். வருகைக்குச் சூரியன், வாசிப்புக்கு விரித்த புத்தகம். கடைசியாக ‘அக்கறை’. ஒன்றையொன்று பிடித்திருக்கும் இரண்டு கைகளைப் போட்டு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“கை வேண்டாங்க. ஒரு கண்ணு போடுங்க.”

“அக்கறைக்கு எதுக்குங்க மிஸ் கண்ணு?”

“கூடப் படிக்கிற பிள்ளை தப்புப் பண்ணா கவனிச்சு வந்து சொல்லணும்ல? அதுவும் அக்கறைதானே. செயலியிலேயே பட்டன் வெச்சிருக்கோம். யார் சொன்னாங்கன்னு வெளிய தெரியாது.”

“பேட்ஜ் எல்லாருக்கும் தெரியுமே, மிஸ்?”

“அப்பதானே மத்தவங்களுக்கும் ஆசை வரும்” என்று சிரித்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. இருந்தாலும் வரைந்தேன். இமையை நீட்டிப் பார்த்தேன், நிறத்தை மாற்றிப் பார்த்தேன். என்ன செய்தாலும் கதவிடுக்கு வழியாக யாரோ எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம், என் போனில் செயலி மணியடித்தது. என் மகளுக்கு அக்கறை பேட்ஜ்.

“பாரு, நீ வரைஞ்சது உன் பொண்ணுக்கே கெடச்சிருக்கு” என்றார் கணவர். என்னால் சிரிக்க முடியவில்லை. யாரைப் பற்றி என்ன சொன்னாள்?

மறுநாள் காலை தலை பின்னும்போது கேட்டேன்.

“நான் யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லலம்மா.”

“சொல்லாம எப்படிக் குடுப்பாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்று பின்னலை என் கையிலிருந்து வெடுக்கென இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். பாலக்கரையிலிருந்து வரும் ஒரு பெண் அவளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே உயிர்த்தோழி. தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அந்த அழைப்பு நின்றுபோயிருந்தது. பள்ளிக்குக் கொண்டுவந்த போனை அந்தப் பெண்ணின் பையிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துவைத்துக்கொண்டார்கள் என்று வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். இவள்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. “வீட்டுலயும் பார்த்துத்தான் பேசணும் போல” என்று கேலி செய்த கணவர், பள்ளி நிர்வாகத்தைத் திட்டும்போது நிஜமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகள் அதைப் பார்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

“நான் கிட்டப் போனா எல்லாரும் பேச்ச நிறுத்திடறாங்க. அவளும்தான். நீயும் என்னை நம்பல.”

அன்றே பள்ளிக்குப் போனேன். பொறுப்பாசிரியை என்னை உட்காரச் சொல்லி, சாதாரணமாகத்தான் சொன்னார்:

“ஒரு பிள்ளைகூட அந்தப் பட்டனை அழுத்தலைங்க. காலியா இருந்தா நல்லா இருக்காதேன்னு, வகுப்புக்கு ஒரு நல்ல பிள்ளையாப் பார்த்து நாங்களே குடுத்துட்டோம். உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்.”

“அப்ப அந்தப் பொண்ணோட போனு?”

“அது வழக்கமா பண்ற பை சோதனைங்க. யாரும் வந்து சொல்லல.”

“மொதல்ல என் பொண்ணு பேர்லேர்ந்து அந்த பேட்ஜ எடுத்துடுங்க” என்றேன். என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் இன்னும் பெரிதாக அழுதாள். “இப்ப எடுத்துட்டா, நான் சொல்லிட்டுப் பயந்துபோய் எடுக்கச் சொன்னேன்னுதான் நெனப்பாங்க.” அது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை பாலக்கரைக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்சந்தில் அந்தத் தோழியின் வீடு. அவளுடைய அம்மா காபி கொடுத்து உட்காரவைத்தார். நடந்தது முழுவதையும் சொன்னேன். உள் அறையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் பாதியில் குறைந்தது. அந்தப் பெண் கேட்கிறாள் என்று புரிந்தது; கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “அந்தப் படத்த வரைஞ்சதே நீங்கதானாமே?” என்றார்.

“ஆமாங்க.”

“ம்.” டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “காபி ஆறுது, குடிங்க.”

நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து என்னால் படிக்க முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, அவர் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளி அந்த பேட்ஜை எல்லா வகுப்பிலிருந்தும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. தோழி மறுபடி என் மகளின் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். “பேசறாம்மா. ஆனா முன்ன மாதிரி எதையும் சொல்ல மாட்டேங்கறா” என்றாள் மகள், ஷூ லேஸைக் கட்டியபடி.

“நீ சொல்றியா அவகிட்ட?”

என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டிபன் பையை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்று படியிறங்கிப் போய்விட்டாள்.