கைவேலை வில்லா, கம்பெனி வில்லா?

வில் விற்கிறவன் பேச்சை நம்புகிற வாடிக்கையாளர் ராயபுரத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. இருந்திருந்தால் என் கண்ணில் படாமலா போயிருப்பார், நாள் முழுக்கக் கடை வாசலைத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்துப்போன அன்பர்களே! ஜவுளியோ, செருப்போ, மூக்குக்கண்ணாடியோ, எதை விற்றாலும் உங்கள் பாடு எனக்குத் தெரியும். "எது நல்லது?" என்று கேட்பார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள். சொல்லாமல் இருந்தால் எதையோ மறைக்கிறான் என்பார்கள். நமக்கு வாய் இருந்தும் வம்பு, இல்லாவிட்டாலும் வம்பு.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் கடையில் ஃபுட்பால், கேரம் போர்டு, கிரிக்கெட் மட்டை எல்லாம் உண்டு. ஒரு துரை பங்களாவில் சாமான்கள் ஏலம் போனபோது முதலாளி ஒரு பழைய வில்லை எடுத்துக்கொண்டு வந்தார். கொம்பும் நரம்பும் மரமும் சேர்த்து ஒட்டிய வில். இரண்டு நுனியும் முன்பக்கமாய் வளைந்து, உடம்பெல்லாம் பூவேலை. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்து, விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வருகிறவன் எல்லாம் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டான்.

அதே மாதிரி இரண்டு வகை கொடுத்தோம். ஒன்று கைவேலை. புளியந்தோப்பு கரீம் பாய் ஆர்டரின் பேரில் கொம்பு வைத்துச் செய்வார். பசை காயக் காயத்தான் வேலை நடக்கும் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று கம்பெனி வில். வடக்கே ஏதோ ஒரு தொழிற்சாலையில் எஃகுத் தகட்டில் அடித்து, மேலே அதே பூவைப் பெயிண்ட்டில் போட்டு, கூட்ஸ் வண்டியில் பெட்டி பெட்டியாய் வரும்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் கம்பெனி ஏஜெண்டிடம் கை நீட்டிக் காசு வாங்கினான் என்று வெளியே தள்ளப்பட்டவன். என்னைச் சேர்த்த அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்: "எவன் கிட்டயாவது நீ வாங்கறேன்னு எனக்குச் சந்தேகம் வந்தாப் போதும், ஆரோக்கியம். சாட்சியெல்லாம் தேடிக்கினு இருக்கமாட்டேன்." என் மனைவி பிலோமினா அப்போது முழுகாமல் இருந்தாள். இந்த வேலை போனால் துறைமுகத்தில் கரி அள்ளுவதைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாதவரத்து மச்சான்

தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் வந்து இரண்டு வில்லையும் எடுத்துப் போடச் சொன்னார். தட்டினார், தடவினார், நாணைச் சுண்டினார். "உனுக்கா இருந்தா எத்த வாங்குவே?" என்றார். கிளப்பில் குறி பார்க்கவா, சுவரில் மாட்டி வைக்கவா என்று கேட்டேன். "அத்த வுடு. எத்த வித்தா உனுக்கு லாபம்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் மாதச் சம்பளக்காரன் ஐயா, நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு அதே சோறுதான் என்றேன். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டில் காதுகுத்து. நாற்காலி தூக்கப் போனால், பந்தியில் அதே கண்ணாடி! முதலாளியின் மச்சானாம், மாதவரத்தில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவராம். என்னை உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். நான் நாற்காலியோடு நழுவப் பார்த்தேன். அவரோ வடையை மென்றுகொண்டே என் தோளில் தட்டினார்.

"பயந்துக்காத தம்பி, நீ பாஸு. ஆனா இன்னும் ரெண்டு பேரு வருவாங்கோ, யாருன்னு மட்டும் கேக்காத!"

ராமர் மோந்து பார்த்தார்

அதற்குப் பிறகு எவன் படியேறினாலும் அந்த இரண்டு பேரில் இவன் ஒருத்தனோ என்றுதான் எனக்குத் தோன்றும். திருவொற்றியூரில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியிலிருந்து ராமர் வேஷக்காரர் வந்தார். மேடையில் எடுப்பாய் இருக்க வேண்டும் என்று கேட்டார். கைவேலை வில்லைக் கையில் கொடுத்ததும் ஆள் நிமிர்ந்து நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே! அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். உளவாளியாய் இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று உள்ளதையெல்லாம் ஒப்பித்துவிட்டேன். உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் நரம்பு, ஒட்டியிருப்பது மீன் பசை.

வில் மேஜைக்குப் போனது, கை வேட்டிக்குப் போனது. துடைத்துத் துடைத்து வேட்டியே கசங்கிவிட்டது. சரி என்று கம்பெனி வில்லைக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். துருப் பிடிக்காமல் இருக்க ஏதோ கொழுப்புத் தடவி அனுப்பியிருந்தார்கள். என்ன கொழுப்பு என்றார். தெரியாது என்றேன். தெரியாதா, சொல்லக் கூடாதா என்று என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நான் விரதத்துல இருக்கேம்பா. மூங்கில்ல ஒண்ணு வளைச்சுக் குடுத்துடு, அதுல ஒரு உசுரும் போயிருக்காது."

மேஸ்திரிக்கு வந்த டவுட்டு

ஒரு மில் மேஸ்திரி கைவேலை வில்லுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வெயில் காலம் முழுக்கக் காத்திருந்தார். வில் வந்த அன்று நானே நாணேற்றிக் காட்டினேன். பிறகு கழற்றினேன். இந்த ஜாதி வில் நாணைக் கழற்றினால் நேராக நிற்காது, முன்பக்கமாய்ச் சுருண்டு கொள்ளும். மறுபடி நாணேற்றும்போது அந்தச் சுருளுக்கு எதிர்ப்பக்கம் மடக்க வேண்டும். இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். மேஸ்திரி தலையை ஆட்டினார், ஆனால் கண் என் வாயை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலையில் கோணிப்பையோடு வந்து கவுண்ட்டரில் கொட்டினார். இரண்டு துண்டு. சுருண்ட பக்கமே இன்னும் இழுத்து மடக்கியிருக்கிறார், கொம்பு படீர் என்று விட்டுவிட்டது. அய்யோ, நான்தான் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நான் சொன்னதால்தான் அப்படிச் செய்யவில்லையாம்! வில்லை உடைக்க வைத்து இன்னொன்றை விற்கப் பார்க்கிறான் என்று எண்ணினாராம்.

"வில்லு எந்தப் பக்கம் வளைஞ்சிகினு கீதோ அந்தப் பக்கம் வளைக்கறதுதான் நாயம். எதிர்ப்பக்கம் மடக்குன்னு நீ சொன்னே பாரு, அப்பவே எனுக்கு உம்மேல டவுட்டு!"

நெட்டி

கரீம் பாயின் பசைக்கு மீன் வயிற்றிலிருக்கும் காற்றுப்பை வேண்டும். நெட்டி என்பார்கள். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரர் காயவைத்த நெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கடையில் கொடுப்பார். மதுவிலக்கு நேரம் வேறு. இதைப் போட்டு எங்கேயாவது சாராயம் தெளிய வைக்கிறார்களோ என்று அவருக்கு ரொம்ப நாளாய் உறுத்தல். ஒருநாள் என்னை ஓரமாய் இழுத்துக்கொண்டு போய், மெய்யாலுமே இது எதற்கு என்றார். வில் ஒட்ட என்றேன். வில்லால் எதை அடிப்பார்கள் என்றார். வைக்கோல் திரட்டிப் பலகையில் கட்டி, அதன் நடுவில் அடிப்பார்கள் என்றேன்.

"வைக்கல அடிக்கறதுக்கா நைனா எம் மீன அறுத்து எடுத்தாந்தேன்? டபாய்க்காத, சாராயம்னே சொல்லிடு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

எட்டாவது இதழ்

கரீம் பாய் தன்னைப் போல வேலைக்காரன் ஏழு கடலுக்கு இந்தப் பக்கம் இல்லை என்று தானே சொல்லிக்கொள்கிறவர். ஆனால் பீரோவில் இருந்த பழைய வில்லைப் பார்த்துச் செய்தபோது ஒரு தப்புப் பண்ணிவிட்டார். பழசில் பூவுக்கு ஏழு இதழ், இவர் எட்டுப் போட்டுவிட்டார். யாரோ சுட்டிக்காட்டினதற்கு, போட்டது போட்டதுதான் என்று எல்லா வில்லிலும் எட்டே போட்டுக்கொண்டு வந்தார்.

ஒருநாள் பாய் கடைக்கு வந்தபோது கம்பெனிப் பெட்டி ஒன்று புதிதாய்ப் பிரிந்திருந்தது. பாய் ஒரு வில்லை எடுத்துப் பார்த்தார். எட்டு இதழ்! பழைய வில்லைப் பார்த்துக் கம்பெனிக்காரன் செய்யவில்லை, பாயின் வில்லைப் பார்த்துச் செய்திருக்கிறான். யாரோ இங்கிருந்து மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். நீதானே என்று பாய் என் சட்டையைப் பிடித்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கல்லாட்டம் இருந்த ஃபுட்பாலுக்கு விடாமல் காற்றடித்துக் கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. பிலோமினாவை நினைத்து நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாய்க்கு மூச்சு இரைத்தது.

"எவன் வேணா என் வேலையத் திருடட்டும் நைனா, நான் கண்டுக்க மாட்டேன். என் தப்பத் திருடிகினான் பாரு, அவன சும்மா வுடமாட்டேன்!"

கார்டு மகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ரயில்வே கார்டு ஜோசப் தன் மகள் ஸ்டெல்லாவோடு வந்தார். எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு முன்வரிசையில் நிற்கிறவர். ஸ்டெல்லாவுக்கு வயசு பத்தொன்பது, குறி தப்பாத பெண் என்று பேர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரயில்வேக்காரர்கள் கிளப்பில் போட்டி. அதற்கு வில் வேண்டும். ஏறக்குறைய அதே நேரத்தில் கம்பெனி ஏஜெண்ட்டும் வந்து முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இது சோதனை. மச்சான் சொன்ன அந்த இரண்டு பேரில் ஜோசப் ஒருத்தர்.

"ரெண்டுல எது தம்பி?" என்றார் ஜோசப். கம்பெனி வில் என்றால் நான் ஏஜெண்ட் ஆள். கைவேலை என்றால் கரீம் பாய் ஆள். உண்மையில் அன்றைக்கு இரண்டுமே சரியில்லை. கைவேலை வில் மழை ஈரத்தில் பசை தளர்ந்து, ஒரு நுனி திருகிக்கொண்டிருந்தது. கம்பெனி வில்லின் கைப்பிடியருகே பெயிண்ட் பொரிந்திருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே செக்கச்செவேல் என்று துரு. எங்கள் ஊர் கடல்காற்று பூட்டையே தின்றுவிடும், தகட்டை விடுமா? துருப்பிடித்த எஃகு சொல்லிக்கொண்டு உடையாது.

நான் இழுத்துக்கொண்டு நிற்கும்போதே ஸ்டெல்லா கம்பெனி வில்லை எடுத்து, நாணைக் கன்னம் வரைக்கும் இழுத்து ஒரு கண்ணை மூடினாள். அந்தத் துரு அவள் முகத்துக்கு நேரே ஒரு கை தூரத்தில் இருந்தது. உளவாவது மண்ணாவது! "இறக்கும்மா கீழே! மெதுவா இறக்கு!" என்று கத்தினேன். இரண்டும் வேண்டாம், மழை விட்டுத் தை மாதம் வாருங்கள், நல்லதாய்ப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் ஜெயிக்கக் கூடாது என்று யார் சொல்லி வைத்தார்கள் என்று கேட்டாள். ஜோசப் அவளை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஏஜெண்ட் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். முதலாளி எழுந்து வந்தார்.

"கரீம் குடுத்தா இத்த வாங்காதன்னு சொல்லுவே, கம்பெனிக்காரன் குடுத்தா அத்த வாங்காதன்னு சொல்லுவே. ரெண்டையும் வாங்காதன்னு சொல்றதுக்கு உனக்கு எவன்டா குடுத்தான்?"

அரைக் கேக்

நான் கரி அள்ள ஆரம்பித்த பிறகு, கிறிஸ்துமஸுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது, ஜோசப் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் அரைக் கேக். போட்டியில் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கம்பெனி வில். எங்கள் கடையில் வாங்கியதுதான். இழுத்தபோது கைப்பிடிக்கு மேலே இரண்டாய்ப் போய்விட்டது. புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. கண் பிழைத்தது கடவுள் செயல். ஸ்டெல்லா யாரிடமோ இரவல் வாங்கிய மூங்கில் வில்லோடு நின்றிருக்கிறாள், ஜெயிக்கவில்லை. "போனா போவுது போட்டி. என் பொண்ணு ரெண்டு கண்ணோட வூட்டுக்கு வந்தா" என்று சொல்லி ஜோசப் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? முதலாளியிடமும் போய்ச் சொன்னாராம். இது முன்கூட்டியே எப்படி அவனுக்குத் தெரிந்தது, அதுதான் எனக்குச் சந்தேகம் என்றாராம் முதலாளி.

ஜோசப் போனதும் பிலோமினா கேக்கை வெட்டினாள். எனக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாய் எதிரே உட்கார்ந்தாள். என் நகக்கண்ணில் இருந்த கரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகமே சந்தேகப்பட்டாலும் இவள் ஒருத்தி இருக்கிறாள் என்று என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இங்க நாம ரெண்டு பேருதான கீறோம். மெய்யாலுமே ஒருத்தரும் உங்களுக்கு ஒண்ணும் குடுக்கலியா? குடுத்திருந்தாலும் நான் கோச்சுக்கமாட்டேன், சொல்லுங்க."

கரி வேலையில் முதுகு போனாலும் ஒரு வசதி இருக்கிறது: அது கறுப்பு என்று நான் சொன்னால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.