பூட்டுக்கு மேல் எழுதியவர்

குடிநீர் அலுவலகத்தில் குழாய்ப் புகார்களைப் பதிந்துகொள்ளும் எழுத்தருக்கு ஒரே ஆசைதான். கணவனோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்த வேண்டும். ஆறு வருடமாக அவன் ஓர் ஊர், இவள் ஓர் ஊர்.

இந்த வருடம் அவன் ஊரில் ஒரே ஒரு காலியிடம் விழுந்தது. இடமாற்றம் கேட்பவர்கள் கணினியிலுள்ள பொதுப் பட்டியலில் தங்கள் வரியைச் சேர்க்க வேண்டும். சர்வீஸில் மூத்தவருக்கு முதலிடம். மாலை ஐந்துக்குப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும்.

நாலேகாலுக்கு அவள் பட்டியலைத் திறந்தாள். ஒருவர் திறந்திருந்தால் கோப்பு பூட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்குத் திரையில் அவர் பெயர் வரும். அந்தத் தைரியத்தில் தன் வரியை எழுதிச் சேமித்து, மூடாமல் ஐந்து வரை காவல் காத்தாள்.

மறுநாள் பார்த்தால் அவள் வரியையே காணோம். அந்த ஊருக்கு நேரே பக்கத்து மேஜை அக்காவின் பெயர். வயதில் மூத்தவர், சர்வீஸில் இளையவர். இவளுக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டவர்.

கணினிகளைப் பராமரிப்பவர், யார் எப்போது எழுதினார்கள் என்ற பதிவைத் திறந்து காட்டினார்.

"பூட்டு இருந்துச்சு மேடம். ஆனா பூட்டு இருக்கான்னு கேக்குற புரோகிராமைத்தான் இந்த சிஸ்டம் நிறுத்தும். கேக்காம எழுதுறதை ஒண்ணும் பண்ணாது. அவங்க உங்க வரி இல்லாத பழைய காப்பியை, பூட்டைக் கேக்காத வேற எடிட்டர்ல திறந்து, உங்களோடது மேலயே சேவ் பண்ணிட்டாங்க."

"அது என்னங்க பூட்டு? பூட்டுன்னா எல்லாரையும்தானே நிறுத்தணும்?"

"அப்படியும் வைக்கலாம். ஒருத்தர் திறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா ஆபீஸே நின்னுடும்னு இப்படி விட்டிருக்காங்க. யாருன்னு குறிப்பிட்டுப் புகார் குடுங்க, திருத்திடுவாங்க."

நல்ல நியாயம்! மரியாதை தெரிந்தவனுக்கு மட்டும் பூட்டாம்.

அக்கா தெரியாமல் செய்திருப்பார் என்று மனம் சப்பைக்கட்டுக் கட்டியது. நேரே போய்க் கேட்டாள்.

"நான் திறந்து வச்சிருந்தது உங்களுக்குத் தெரியாதுதானேக்கா?"

"தெரியும்." அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முதல்ல திறக்கப் பார்த்தப்போ உன் பேரு வந்துச்சு. அதான் துணிஞ்சேன். வேற யார் பேரா இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்மா. நீ என்மேல புகாரா குடுக்கப்போறே?"

இத்தனை வருடம் இவள் காட்டிய பாசமெல்லாம் அங்கே இளிச்சவாய்த்தனமாகக் கணக்காகியிருக்கிறது.

இடத்துக்கு வந்து புகார் எழுதத் தாளை எடுத்தாள். 'அக்கா' என்று பழக்கத்தில் எழுதிவிட்ட சொல்லை அடித்துவிட்டு, அவருடைய ஊழியர் எண்ணை எழுதினாள்.