மறுகா வாறன்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில், கலண்டர் தொங்க வேண்டிய ஆணியில், ஒரு பழைய ஹெல்மெட் தொங்குகிறது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்கும். இப்போது வெளிறிப் போய் அவித்த இறாலின் நிறம். முகக் கண்ணாடி இல்லை. தாடைப் பட்டி அறுந்த இடத்தில் சப்பாத்து லேஸ் ஒன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். "மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டுல ஹெல்மெட் என்னத்துக்கு?" என்று கேட்கிறார்கள். நான் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவன். "ஓடு கழண்டு விழுந்தா போட்டுக்கொள்ளத்தான்" என்று சொல்லி வைப்பேன். உண்மையில் அது, இந்த வீட்டை வாங்க எனக்கு வங்கிக் கடன் எடுத்துத் தந்த புரோக்கரின் ஹெல்மெட். எடுத்துத் தந்தார் என்பதை விட, எடுத்துத் தரச் சுணங்கினார் என்பதுதான் பொருத்தம்.

முதலில், இந்த வயதில் எனக்கு ஏன் வீடு வாங்கும் ஆசை வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். நான் பிறந்த வீடு தங்கச்சியின் வீடாயிற்று. நான் வாழப் போன வீடு மனைவியின் சீதன வீடு. மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் அதை அவள் பெயருக்கு எழுதினோம். இதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, கலியாணம் முடிந்த அடுத்த கிழமை வரைக்கும். அன்றைக்கு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன். விறாந்தையில் இருந்த மருமகன் சட்டென்று எழும்பி, தங்கமான பிள்ளை, மரியாதையாக, "வாங்க மாமா, இருங்க" என்றான். காட்டிய கதிரை, இருபது வருசத்துக்கு மேலாக நான் குந்தி அழுத்தி நடுவில் குழி விழுந்த என் கதிரை. நானும் "இருக்கட்டும் மகன்" என்று சொல்லிவிட்டு, விருந்தாளி போல விளிம்பில் இருந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தாள். அதையும் விருந்தாளி போலவே குடித்தேன்.

அன்று பிடித்தது இந்த ஆசை. ஒரு தடவையாவது என் வீட்டு வாசலில் நின்று, வருகிற ஒரு ஆளைப் பார்த்து, "வாங்க, இருங்க" என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வெளியில் சொன்ன காரணம் வேறு. இளையவள் கம்பஸில் படிக்கிறாள், அவளுக்கும் ஒரு வீடு வேண்டும் என்று சொன்னேன். மனைவி அதை அப்படியே நம்பி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். வாங்க முன்னமே வீடு என் கையை விட்டுப் போய்விட்டது.

செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள சின்ன வீடு ஒன்று அமைந்தது. வீட்டுக்காரி வெளிநாட்டில் இருக்கிறவள். விற்றுவிட்டுப் போகத்தான் லீவில் வந்திருந்தாள். "அண்ணன், நான் பிளேன் ஏற முன்ன காசு வந்தா வீடு உங்களுக்கு. வராட்டி, காசைக் கையில வச்சிக்கிட்டு ஏறாவூர்ல ஒரு ஆள் நிக்கிறார்" என்றாள். நியாயமான பேச்சு. என்னிடம் இருந்தது சேமிப்பில் கொஞ்சமும், மாதச் சம்பளமும், நடுக்கமும்தான். மிச்சத்துக்கு வங்கிக் கடன். வங்கிக்கு அலைய எனக்கு லீவு இல்லை என்று எங்கள் டிப்போ கண்டக்டர் ஒருவர் அந்தப் புரோக்கரைக் காட்டிவிட்டார். "வேலை சுத்தம். கொஞ்சம் ஆறுதலான மனிசன், அவசரப்பட மாட்டார்" என்றார். அந்த 'ஆறுதல்' எவ்வளவு ஆறுதல் என்று அப்போது நான் விசாரிக்கவில்லை.

ஆள் அறுபதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, மடித்துவிட்ட வெள்ளைச் சேட்டுக் கை, இந்தச் சிவப்பு ஹெல்மெட். எந்த அவசரத்துக்கும் அவரிடம் ஒரே ஒரு மறுமொழிதான் இருந்தது. மறுகா. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், எங்கள் பேச்சில் மறுகா என்றால் 'பிறகு'. பத்து நிமிசமும் மறுகாதான், அடுத்த பொங்கலும் மறுகாதான். "வங்கிக்குப் போனீங்களா அண்ணன்?" "மறுகா போவம்." "காணி மதிப்பிடுற ஆள் எப்ப வருவார்?" "மறுகா சொல்லுறன்." "வீட்டுக்காரி போகப் போறாளே!" "பதறாதீங்க தம்பி. மறுகா வாறன்." பஸ் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எழுதிச் சோறு தின்கிற ஒருவனிடம், நேரமே இல்லாத இந்தச் சொல்லைக் கொடுத்தால் அவன் என்ன ஆவான்?

நான் ஆகித்தான் போனேன். ஃபோன் அடித்தால் அவர் என்று பாய்வேன், அடிக்காவிட்டால் ஃபோன் பழுதோ என்று மனைவியின் ஃபோனில் இருந்து எனக்கே எடுத்துப் பார்ப்பேன். எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டொக்டர் பிள்ளை சோதித்துவிட்டு, "ஏதாவது யோசனையா ஐயா?" என்றாள். "வீடு வாங்குறன்" என்றேன். அவள் உடனே பிரஷரை மறுபடியும் அளந்தாள். இதெல்லாவற்றுக்கும் மேலே, ஒரு காலையில் பஸ் நிலைய ஒலிபெருக்கியில் என் குரல் இப்படிப் போயிற்று: "பிரயாணிகளின் கவனத்திற்கு! கல்முனை ஊடாக அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பஸ் வண்டி… மறுகா புறப்படும்." கச்சான் கடலை விற்கிற அம்மா தொடங்கிவைத்த சிரிப்பு கடைசி பஸ் வரைக்கும் ஓடியது. அந்த பஸ் டிரைவர் இன்றைக்கும் என்னைக் கண்டால், "ஐயா, எடுக்கட்டா, மறுகா எடுக்கட்டா?" என்றுதான் கேட்பார்.

புத்தி பேதலித்த நேரத்தில்தான் ஹெல்மெட்டைக் கடத்தினேன். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஹெல்மெட்டை அங்கே வைத்துவிட்டுப் பக்கத்தில் எங்காவது நடந்து போவார். கேட்டால், "ஹெல்மெட் இஞ்சதானே கிடக்கு, நான் எங்க போறது?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், அதைக் கதிரையில் வைத்துவிட்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் அதைத் தூக்கிக் குசினிக்குள் அரிசி வாளியில் புதைத்தேன். மதிப்பிடுகிறவருக்கு ஃபோன் எடுக்காமல் இந்த மனிசன் இன்றைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது என்பது என் திட்டம். வந்து பார்த்தார். கதிரைக்குக் கீழே பார்த்தார். "சரி, ஹெல்மெட் இல்லாம பாலம் தாண்டேலா, பொலிஸ் நிக்கும்" என்று சொல்லிச் சந்தோசமாகச் சாய்ந்து இருந்துவிட்டார். பேப்பரை விளம்பரம் வரைக்கும் வாசித்தார். நான் ஃபோன் பேச்சை எடுத்தேன். "ஞாயிற்றுக்கிழமையில மனிசரைத் தொந்தரவு செய்யலாமா தம்பி?" என்றார். அப்போதுதான் குசினியில் இருந்து மனைவியின் அலறல்: "ஐயோ, அரிசிக்குள்ள ஆரோ மனிசண்ட தலை!" வேறு வழியில்லாமல் நானே போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்த அரிசிமணிகளை உள்ளங்கையில் தட்டி எடுத்து, நிதானமாகப் பார்த்தார். "நல்ல அரிசி. படுவான்கரை அரிசியா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானம் இருந்து அதே அரிசியில் சோறும் தின்றுவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்காரி போகும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் முழுக்க அவர் ஃபோனை எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். பாலம் தாண்டும்போது வாவியைப் பார்க்கவில்லை. பேசப் போகிற பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க ஒரு புரோக்கரா, இல்லாட்டி நேர்த்திக்கடன் வச்சுச் சுணக்கிறீங்களா?" என்ற வரியில் எனக்கே ஒரு பெருமை. விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். நல்ல பெரிய வீடு. அவருடைய மகள் வெளியில் வந்தாள். "அப்பாவா? அவரு விடிய வெளிக்கிட்டா படுக்கத்தான் வருவாரு. எங்கயாச்சும் ஆரும் வீட்டுல தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இரிப்பாரு. அம்மா போன மறுகா அப்பிடித்தான். நீங்க இருங்க, வாற நேரம்தான்" என்று விறாந்தை மூலையில் ஒரு கதிரையைக் காட்டினாள்.

இருந்த பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். கதிரைக்குப் பின்னால் சுருட்டிய பாய். ஒரு தோல் பை. கொடியில் இரண்டு வெள்ளைச் சேட்டு, கை மடித்த மடிப்புக் கலையாமல். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த மூலை மட்டும்தான், அது முழுவதிலும் நான் இருந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். உள்ளே இருந்து மருமகன் எட்டிப் பார்த்து, குரலில் ஒரு குறையும் இல்லாமல், "வாங்க மாமா, இருங்க" என்றான்.

அதே சொல். அதே மரியாதை. அவரும் "இரிக்கட்டும் மகன்" என்றார். படியில் நின்றபடியே சொன்னார், ஏறவில்லை. என்னைக் கண்டதும் முகம் ஒரு மாதிரிப் போய்த் திரும்பி வந்தது. "என்ன தம்பி, இவ்வளவு தூரம்?" என்றார். "சும்மா இந்தப் பக்கம் வந்தன்" என்றேன். எனக்கு அந்தப் பக்கத்தில் ஒரு நாயைக்கூடத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். "வாங்க, பஸ்ஸுக்கு விடுறன்" என்று வண்டியைத் திருப்பினார். பஸ் தரிப்பிடத்தில் நான் இறங்கும்போது கேட்டார்.

"வீடு எப்பிடித் தம்பி? காத்து வருமா?"

"வரும். வாவிக் காத்து."

"விறாந்தை இரிக்கா?"

"இரிக்கு. சின்னது."

"ரெண்டு கதிரை போடலாமா?"

"போடலாம்."

அதற்கு முன்னால் என் வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்த நாள் காலை, மதிப்பிடுகிறவரைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு செட்டிபாளையத்துக்கு வந்து நின்றார். நான் போனதாலா, அவருடைய 'மறுகா' தானாகவே அன்றைக்கு முதிர்ந்ததாலா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் என்ன மறுமொழி வரும் என்பது மட்டும் தெரியும்.

வங்கியில் கடன் அதிகாரி கேட்டார், எத்தனை வருசத்தில் கட்டி முடிக்கப் போகிறீர்கள் என்று. "ஆகக் குறைஞ்ச வருசம் எதுவோ அதைப் போடுங்க" என்றேன். கடன் என்றாலே எனக்குப் பயம். பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்த புரோக்கர் என் பக்கம் திரும்பினார்.

"மறுகா?"

எனக்குக் கொதித்தது. "மறுகா இல்ல அண்ணன், இப்பவே சொல்லோணும்!"

"நான் அதைச் சொல்லல்ல. கட்டி முடிச்ச மறுகா என்ன செய்வீங்க எண்டு கேக்கிறன்."

"என்ன செய்யிறது? சின்னவளுக்கு எழுதிக் குடுக்கிறதுதான்."

"வீடு வங்கியில ஈட்டுல கிடக்கிற வரைக்கும் எழுதேலாதே" என்றார் மெதுவாக, அதிகாரிக்குக் கேட்காதபடி. "கடன் இரிக்கிற வரைக்கும்தான் தம்பி வீடு உங்கட. நான் ரெண்டு வீடு கட்டினன். ரெண்டு கடனையும் அவசரப்பட்டுக் கெதியாக் கட்டி முடிச்சிட்டன்."

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ஓய்வு பெறும் வரைக்கும் போடுங்க" என்றேன். நீண்ட கடனுக்கு அவருக்குத் தரகு கூடுமோ என்று பிறகு பஸ்ஸில் வரும்போது ஒரு சந்தேகம் வந்தது உண்மைதான். இன்றைக்கும் அதை விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதும் இல்லை.

வீட்டுக்காரி பிளேன் ஏற முதல் நாள் நொத்தாரிசு கந்தோரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது. பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர் எல்லாம் மனைவியிடம், "சின்னவளுக்கு நல்ல வீடு" என்று சொல்லிப் போனார்கள். எல்லோரும் போன பிறகு, கூட்டமெல்லாம் கலைந்து, காய்ச்சிய பாலும் ஆறிய பிறகுதான், அழைத்த நேரத்தை விட அரை நாள் பிந்தி, புரோக்கர் வந்தார். நான் வாசலில் நின்றேன். அத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பழகிய சொல்லை வெளியே சொன்னேன்.

"வாங்க அண்ணன். இருங்க."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "இரிக்கட்டும்" என்று சொல்லவில்லை. நேரே வந்து கதிரையில் முழுதாகச் சாய்ந்து இருந்தார். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று பார்த்து, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். போகும்போது அதை எடுக்கவில்லை. "இன்னொண்டு வண்டிப் பெட்டிக்குள்ள இரிக்கு. இது இஞ்ச கிடக்கட்டும், மறுகா வாறன்" என்றார்.

வந்துகொண்டுதான் இருக்கிறார். மோட்டார் சைக்கிளை விற்றாகிவிட்டது. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இப்போது பஸ்ஸில், வருகிறேன் என்ற நாளில் வராமல், சொல்லாத நாளில் வந்து இறங்குகிறார். மாதாமாதம் என் சம்பளத்தில் கடன் கழிகிறது. சம்பளச் சீட்டில் அந்தக் கழிவைப் பார்த்தால் என் சக ஊழியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். நான் மிச்சம் இருக்கிற வருசங்களைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

போன கிழமை மனைவி சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று தொடங்கினாள். "இஞ்சேருங்க, சின்னவளப் பாக்க ஆக்கள் வரக்கூடும். மோட்டார் சைக்கிளும் இல்ல, அந்தாளுக்கு இனி ஹெல்மெட் என்னத்துக்கு? அந்தச் சனியனக் கழட்டி எறிஞ்சிட்டு ஆணியையும் புடுங்குங்க."

வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஹெல்மெட்டின் சப்பாத்து லேஸ் ஆடியது. கீழே அந்த இரண்டாவது கதிரை வெறுமையாக இருந்தது. நான் என் கதிரையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு சொன்னேன்:

"மறுகா பாப்பம்."