எலி வளையில் வைத்த கால்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை மொபைலில் காட்டு மக்கள் வேட்டையாடுகிற வீடியோ பார்த்து, "சீ, எலியைத் திங்கிறானுவப்பா, ஜங்லி லோக், காட்டுமிராண்டிங்க" என்று சிரித்தீர்களே, அதைக் கேட்டதும் எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று நடந்ததை எழுதிவைக்கிறேன். தமிழ் வாசிக்கத் திணறினால் அம்மாவிடம் கொடுங்கள்.

மும்பைக்கு வெளியே, தாணேயைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு டெம்போவில் தண்ணீர்த் தொட்டி கொண்டுபோயிருந்தேன். கேட் பூட்டியிருந்தது. சாவிக்காரர் வர நேரமாகும் என்று போனில் சொன்னார்கள். சும்மா நடந்தேன். அறுப்பு முடிந்த வயலில் ஒரு குடும்பம் வரப்பைத் தோண்டிக்கொண்டிருந்தது. காத்கரிப் பழங்குடி மக்கள், காட்டோரம் குடிசை. ஒரு ஆள், அவர் மனைவி, அவர் தம்பி, இரண்டு பெண் குழந்தைகள். என்னோடு இந்தியில்தான் பேசினார்கள். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அவர்களுக்கு மழைக்காலத்தில் ஓடையில் நண்டு, காட்டில் கிழங்கு. வெயில்காலத்தில் செங்கல் சூளை வேலை. அறுப்பு முடிந்தால் எலி. "காலையிலேருந்து பிள்ளைங்க வயித்துல ஒண்ணும் விழல. இன்னிக்கு இதுதான் சாப்பாடு" என்றார் அந்த ஆள்.

ஒரு வளைக்குப் பல வாசல் இருக்குமாம். ஒவ்வொன்றாகச் சேற்றால் அடைத்தார்கள். ஒரு வாசலில் வைக்கோல் புகைகிற சட்டியை வைத்துத் தம்பி ஊதினார். கடைசியில் ஒரு வாசல் மீதி.

"சேட், உங்க குதிகாலை இதுமேல வைங்க. என்ன ஆனாலும் எடுக்காதீங்க" என்றார் அந்த ஆள், என்னை முதலாளியாக்கி.

வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் குதிகாலுக்கு அடியில் ஏதோ முட்டியது. மெத்தென்று, சூடாக. என்னை அறியாமல் காலைத் தூக்கிவிட்டேன். இரண்டு எலி, நல்ல கொழுத்தது, என் செருப்பைத் தாண்டி ஓடிப்போயிற்று.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "சேட்டுக்குக் கால் கூசுதாம்! ஏங்க, அடுத்த தடவை ஒரு கல்லையே வைங்க. கல்லாவது நிக்கும்." தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

தோண்டியதில் ஐந்து எலி அகப்பட்டது. வளைக்குள் எலி சேர்த்து வைத்திருந்த நெல்லை அந்த அம்மா சேலை முந்தானையில் வாரிக்கொண்டார். எலிகளை வைக்கோல் தீயில் மயிர் பொசுக்கி, வயிற்றைச் சுத்தம் செய்து சுட்டார்கள். ஐந்து பேர், ஐந்து எலி. ஆளுக்கு ஒன்று என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த ஆளோ எல்லாவற்றையும் துண்டு போட்டு, தேக்கு இலைகளில் ஆறு கூறு வைத்தார். ஆறாவதை என் பக்கம் தள்ளினார்.

"ஐயோ, எனக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குக் குடுங்க."

நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் யாரும் தங்கள் இலையிலும் கை வைக்கவில்லை. தம்பி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். சின்னவள் இலையைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள். பசியோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எங்க கையால வாங்க மாட்டீங்களோ?" என்றார் அந்த அம்மா. இப்போது சிரிப்பு இல்லை.

"அதில்லம்மா. உங்க சாப்பாட்டை ஓட விட்டதே நான்தானே? எனக்கு எதுக்குப் பங்கு?"

அந்த ஆள் என்னைப் புரியாமல் பார்த்தார். "வாசல்ல நின்னீங்கல்ல?"

"நின்னேன். விட்டுட்டேனே."

"நின்னீங்க" என்றார், அவ்வளவுதான் என்பதுபோல.

இலையை எடுத்து மடித்துக்கொண்டேன். உடனே எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். சின்னவள் ஒரு எலிக்காலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஈயென்று இளித்தாள்.

அது அவர்கள் முறையா, என்மேல் பரிதாபமா, இல்லை நான் பட்ட வெட்கத்துக்கு மருந்தா? நான் வாங்காவிட்டால் அவர்கள் ஏன் சாப்பிடக் கூடாது? தொட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழி முழுக்க இதையே யோசித்தேன். வீட்டுக்குக் கொண்டுவரவும் துணிச்சல் இல்லை. நம் சந்தில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். வீசவும் கை வரவில்லை.

மான்குர்த் போகிற ரோட்டில் டெம்போவை ஓரம் கட்டினேன். வண்டிக்குப் பின்னால் போய் நின்று, இலையைப் பிரித்து, எலும்பு மிச்சமில்லாமல் மென்று தின்றேன்.