பச்சை மூடி போட்ட பிளாஸ்க்

என் படங்களில் எவருடைய முகமும் இருக்காது. நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் அது. ஒரு நாளும் மீறியதில்லை. முகத்தைக் காட்டாமலே ஒரு மனுசியை ஊர் வாயில் போடலாம் என்று கண்டுபிடித்தவளும் நானேதான்.

தொடங்கி வைத்தவர் என் கணவர். கத்தாரில் லொறி ஓட்டுகிறார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போன் எடுப்பார். "இண்டைக்கி என்ன செஞ்ச?" என்று கேட்பார். "ஒண்டுமில்ல" என்பேன். மீன் வெட்டியதையும் துவைத்ததையும் குசினிக் குழாய் ஒழுகுவதையும் ஒரு கதையென்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எந்த நாளும் ஒண்டுமில்லயா? அப்ப அந்த ஒண்டுமில்லாததயாவது போட்டோ எடுத்து அனுப்புகா" என்றார்.

அனுப்பினேன். அந்த ருசி பிடித்துத்தான் ஓர் இணையக் குழுவில் சேர்ந்தேன். நாளுக்கு ஒரு படம், அன்று எடுத்ததாக இருக்க வேண்டும், விளம்பரமும் உபதேசமும் கூடாது. அவ்வளவுதான் விதி. பொத்துவிலிலும் இருந்தார்கள், லண்டனிலும் இருந்தார்கள். பாதிப்பேரை எனக்குத் தெரியாது. மீன் வெட்டும் பலகையில் ஒட்டிக் காய்ந்த செதிளைப் போட்டேன். மழை விட்டதும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துவாயைப் போட்டேன். "உங்கட குசினி வாசம் இஞ்ச வரைக்கும் வருது" என்று கனடாவிலிருந்து ஒருத்தி எழுதினாள். என் வாழ்நாளில் என் குசினியை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் ஆளே மாறிப்போனேன். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், நான் வெளிச்சம் தேடி அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் அலைவேன்.

"உனக்குப் பசிச்சாலும் போனுக்குத்தான் முதல்ல ஊட்டுவ" என்று ராத்தா சிரிப்பாள்.

ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் வாப்பா ஒரே வளவில் இரண்டு வீடு கட்டினார். முன்வீடு அவளுக்கு, பின்வீடு எனக்கு. நடுவில் ஒரு கிணறு மட்டும். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்மல் வரும்.

அவள் கணக்கு டீச்சர். இருபது வருடத்துக்கு மேல் ஒரே பிளாஸ்க்கைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். சிவப்பில் வெள்ளைப் பூப் போட்டது. அதன் மூடி எப்போதோ தொலைந்து, வேறொரு உடைந்த பிளாஸ்க்கின் பச்சை மூடியைத் திருகி வைத்திருந்தாள். பச்சை மூடி திறந்தால் அன்றைக்குத் திடீர்ச் சோதனை என்று பிள்ளைகளுக்குள் ஒரு கதை. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டாள். "இது சூட்ட விடாது" என்பாள்.

மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், ஒரு வியாழக்கிழமை வயலுக்குப் போய்விட்டு வந்து, நெஞ்சு நோகுது என்று படுத்தவர்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முன்பே மௌத்தாகிவிட்டார். மையத்தை அடக்கம் செய்ததும் ராத்தா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும். வீட்டைவிட்டு இறங்குவதில்லை, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வருவதில்லை, அலங்காரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்துவிட்டார்கள். யன்னல்களுக்கு வெள்ளைச் சீலை கட்டினோம். அவளுடைய போனைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மச்சானுடைய உம்மா வருவார். நாங்கள் மாமி என்போம். அவரும் ராத்தாவும் ஒரே பாயில் உட்கார்ந்து யாசீன் ஓதி, ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டு, மச்சானைப் பற்றிக் கதைத்துக் கதைத்து அழுவார்கள். நாங்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லி எழும்பிப் போகிறவர்கள். அந்த மனிதனை இழந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அந்த வெள்ளிக்கிழமைதான் ராத்தாவை மற்ற ஆறு நாளும் நிமிர்த்தி வைத்திருந்தது.

மூன்றாவது மாதம் அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். ஒரு நாள் கிணற்றடியில் சொன்னாள். "ராவெல்லாம் கடல் சத்தம் கேக்குது. மச்சான் இரிக்கக்க நான் அதக் கேட்டதே இல்ல. இப்ப அது மட்டுந்தான் கேக்குது."

"அப்ப ஒருக்கா போய்ப் பாத்திட்டு வருவம்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? இத்தாவில இரிக்கன்."

"தேவைக்கு வெளிய போகலாம்தானே. மூச்சு விடுறதும் ஒரு தேவதான். சுபஹோட போய், ஆக்கள் வர முந்தி வந்திரலாம். பின் ஒழுங்கையால போனா ஒரு காக்காயும் காணாது."

நாலு நாள் கரைத்தேன். ஐந்தாம் நாள் சரியென்றாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாலு நாளும் எனக்குப் படம் கிடைக்கவில்லை. அதே பலகை, அதே கொடி, அதே துவாய். போட்டவற்றுக்கும் ஏழு பேர், எட்டுப் பேர்தான் விருப்பம் போட்டார்கள். ராத்தாவைக் கடலுக்குக் கூட்டிப்போக நினைத்தபோது அவளுடைய மெலிந்த கை என் நினைவில் இருந்தது, சத்தியமாக இருந்தது. விடியற்காலைக் கடலும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

போனோம். கடல் அரித்து அரித்துக் கரை குறுகிப்போன இடம். கரைவலைக்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. ராத்தா மணலில் உட்கார்ந்து முகத்தை மூடியிருந்த துணியைத் தூக்கினாள். கடலையே பார்த்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பையில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினாள். "நல்லா விடிஞ்சிரிக்கி, என்ன?" என்றாள். மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நானோ அந்த வேளையில் மணலில் முட்டுக்காலிட்டு, கோப்பைகளும் பிளாஸ்க்கும் பின்னால் கடலும் ஒரே சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படத்துல ஆக்கள் விழாதுதானே?" என்றாள்.

"உங்கட நிழல் கூட இல்ல ராத்தா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் போட்டேன். "சுபஹுக்குப் பிறகு, கடலோடு இரண்டு கோப்பை" என்று எழுதினேன். பத்து மணிக்குப் பார்த்தால் அல்லாஹ்வே, என் படம் எதற்கும் அத்தனை பேர் வந்ததில்லை. கீழே லண்டனிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். "யா அல்லாஹ், இது எங்கட கணக்கு டீச்சர்ர பிளாஸ்க்! அந்தப் பச்சை மூடி! கண்ணெல்லாம் கலங்கிட்டு. டீச்சர் சுகமா? என்ட சலாம் சொல்லுங்க."

பாவம், அவளுக்கு மச்சான் மௌத்தானது தெரியாது. அன்பில் எழுதினாள். எனக்குத் தெரியும். என் கையில் மீன் கத்தி இருந்தது. கையைக் கழுவி அந்தப் படத்தை எடுக்க அரை நிமிடம் போதும். எடுக்கவில்லை. இவ்வளவு பேர் பார்க்கிற படத்தை எப்படி எடுப்பது என்று மனசு இழுத்தது. லுஹர் தொழுகைக்குப் பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே தவணை சொன்னேன். போதாக்குறைக்கு அவளுக்குப் பதிலும் எழுதினேன். "ஓம், கட்டாயம் சொல்றன்" என்று, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் போட்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தான் கெடவில்லை, கூடப்பிறந்தவளைக் கெடுத்தது.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது அதற்குக் கீழே எங்கள் ஊர்க்காரி ஒருத்தி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். "டீச்சர் இத்தாவுலதானே இரிக்காங்க?"

அப்போதுதான் அழித்தேன். குழுவிலும் அழித்தேன், போனிலும் அழித்தேன், அழித்தவை போய்க் கிடக்கிற இடத்திலும் தேடி அழித்தேன். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமையும் இல்லை. ஆனால் காலையிலேயே மாமியின் முச்சக்கரவண்டி வந்து நின்றது. கூட அவருடைய மகள். மாமி பாயில் உட்காரவில்லை. மகளின் போனை வாங்கி ராத்தாவின் முன்னால் நீட்டினார். ராத்தா போனைப் பார்க்கவே இல்லை. மாமியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்ட புள்ளைக்காக நாலு மாசம் பத்து நாள் இரிக்க ஏலாமப் போச்சா உனக்கு?" மாமி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "கடற்கரையில தேத்தண்ணி குடிக்கிற அளவுக்குத் துக்கம் ஆறிட்டா?"

நான் குசினிக் கதவோரம் நின்றேன். நான்தான் மாமி கூட்டிப்போனேன், நாலு நாள் கரைத்தேன், படமும் நான்தான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியின் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எனக்கு மூச்சு முட்டிச்சி மாமி" என்றாள் ராத்தா. "வரமாட்டன் எண்டவள நான்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனன். அவள ஒண்டும் கேக்காதீங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கணக்கில் அரை மார்க் கூடக் கூட்டிப் போடாதவள். எனக்காகச் சொன்னாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு, கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு, மரம்போல நின்றேன். மாமி தேத்தண்ணி குடிக்காமல் போனார். அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ராத்தா மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் சஹனைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமிட்ட உண்மையச் சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வட்டிலப்பம் அவித்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவோம் என்றுதான். மகள் வாசல் படலையடியிலேயே தட்டை வாங்கிக்கொண்டாள். "உம்மா தூங்குறா" என்றாள். பகல் பதினொரு மணி. உள்ளே மாமி ஓதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கொஞ்சம் நின்று, நான் உள்ளே வரத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வெற்றுக் கையோடு திரும்பினேன். அன்றோடு குழுவிலிருந்தும் விலகினேன். அதை ஒரு பெரிய தண்டனைபோல நினைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

இத்தா முடிந்த நாள் நாலைந்து பெண்கள் வந்து துஆ ஓதிவிட்டுப் போனார்கள். மாமி வரவில்லை. மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு முசல்லாப் பாயை மடித்துக்கொண்டிருக்கிறேன், குசினிக் கதவில் ராத்தா நிற்கிறாள். அபாயா போட்டு, கையில் அந்தப் பிளாஸ்க்.

"வா, கடலுக்குப் போவம். இனி யாரும் கேக்க ஏலா."

ஒழுங்கையால் அல்ல, நேரான வீதியால் போனோம். அதே இடத்தில் உட்கார்ந்தோம். அவள் கேட்க முன்பே நான் சொன்னேன், நல்ல பிள்ளைபோல. "போன் கொண்டரல்ல ராத்தா. வீட்டுலயே வெச்சிட்டன்."

அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "ஏன் வெச்சிட்டு வந்த? அண்டைக்கி எடுத்தாயே, அந்தப் படத்தப் பாப்பம் எண்டுதான் கூட்டிட்டு வந்தன்."

"அழிச்சிட்டன்."

"போன்லயுமா?"

"போன்லயும்தான்."

அவள் பச்சை மூடியைத் திருகித் திறந்தாள். திருகி மூடினாள். திரும்பவும் திறந்தாள்.

"ஊரெல்லாம் பாத்திச்சி" என்றாள். "லண்டன்ல இரிக்கிறவ பாத்தா. மாமி பாத்தா. நான் மட்டுந்தான் பாக்கல்ல." எனக்குக் கோப்பையை நீட்டினாள். "மச்சான் போனதுக்குப் பிறகு எனக்கு நல்லா விடிஞ்சது அந்த ஒரு நாள்தான் புள்ள. அதையும் அழிச்சிட்டியே."