பலகையின் கடைசி வரி

என் ஆய்வேட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் விரிவுரையாளர் சிவப்புப் பேனையால் நான்கு கேள்விகள் எழுதியிருந்தார். எந்தச் சட்டம்? எந்த ஆண்டு? எத்தனையாம் இலக்கம்? எந்தப் பிரிவு?

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் மீனவ ஊரான தாழ்வுபாட்டில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. சனி பின்னேரம் தொடக்கம் ஞாயிறு பூசை முடியும்வரை கடலில் வலை போடக்கூடாது. மீறிப் பிடித்த மீன் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்விடும். எங்கள் கரையில் மக்கள் மிகவும் மதிக்கும் அரச சட்டம் இதுவே என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தேன். ஆதாரமாக, கரையில் நிற்கும் மீனவர் சங்கத்துப் பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். வெடி வைத்து மீன் பிடிக்கக்கூடாது, தங்கூசி என்ற மெல்லிய நைலோன் வலை பாவிக்கக்கூடாது, அவற்றுக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் ஒரே நீலப் பெயிண்ட், ஒரே கையெழுத்து.

“பலகையைக் காட்டாதையும் பிள்ளை, சட்டத்தைக் காட்டும்,” என்றார் விரிவுரையாளர். “ஆண்டு, இலக்கம், முழுப் பேர், பிரிவு. சட்டத்துக்கு ஆசிரியர் பேர் போடுறதில்லை. ஆனா மற்றதெல்லாம் வேணும். திங்கள் மத்தியானத்துக்குள்ள தராட்டி அடுத்த வருசத்துப் பிள்ளையளோடதான்.”

வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். அடுத்த வருடம் என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியாது. நூலகத்தில் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை எடுத்தேன். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க, கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம். வெடி 27ஆம் பிரிவில் இருந்தது. வலைகள் பற்றியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கும் இல்லை. திருத்தச் சட்டங்களையும் புரட்டினேன். அவற்றிலும் இல்லை. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக மன்னார் பஸ்ஸில் ஏறினேன்.

அப்பா கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பலகையில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

“அப்பா, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் எப்ப வந்தது?”

“கடைசி வரியோ? அது நான் எழுதுவிச்சனான்.”

“நீங்களோ?”

“ஓம். கடற்றொழில் திணைக்களத்துப் பெடியன் வந்து மேல ரெண்டு வரியும் எழுதினவன். பெயிண்ட் மிச்சமிருந்தது. சங்கம் முடிவெடுத்ததையும் சேத்து எழுதி விடடா தம்பி எண்டு சொன்னனான். ஒரு தேத்தண்ணியோட எழுதித் தந்திட்டுப் போனவன்.”

“ஐயோ அப்பா! நான் அதை அரசாங்கச் சட்டமெண்டெல்லோ ஒரு அத்தியாயம் எழுதிப்போட்டன்!”

பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கம்பஸுக்கு அனுப்பிப் படிப்பிச்சது, உன்ர அப்பரைப் பாராளுமன்றமாக்கவோடி?”

அப்பா சிரிக்கவில்லை. ஊசியை வலையில் குத்திவிட்டு எழும்பினார். “அப்ப அது பிழையோ மகள்? அழிக்க வேணுமோ?”

அழிக்க வேண்டாம் என்றேன். சங்கம் முடிவெடுத்ததை எங்கே பதிந்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும் என்றேன். மாமா சிரிப்பை விட்டுவிட்டுச் சங்கக் கட்டடத்தைத் திறந்தார். அலுமாரியின் அடித்தட்டில், கரப்பான் தின்ற மட்டையோடு அந்தக் கூட்ட அறிக்கைக் கொப்பி கிடந்தது. திகதி, தீர்மான இலக்கம், வழிமொழிந்தவர், எல்லாம் ஒழுங்காக இருந்தன. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்.

“ஏன் அப்பா இந்தத் தடையைக் கேட்டனீங்கள்?”

“பூசைக்கு ஆம்பிளையள் ஒருத்தரும் வாறேல்லை. பாவம் சுவாமி, வெறுங் கதிரையளுக்கு எத்தனை நாள் பிரசங்கம் வைப்பார்?”

அந்தச் சனியும் ஞாயிறும் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். அரசு போட்ட வெடித் தடைக்கு ஆண்டு, இலக்கம், பெயர், பிரிவு கொடுத்தேன். ஞாயிறு தடைக்குச் சட்டம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, சங்கத் தீர்மானம் என்று எழுதி, கொப்பியின் திகதியையும் இலக்கத்தையும் அடிக்குறிப்பில் வைத்தேன். எங்கள் கரை அதிகம் மதிப்பது தானே போட்ட விதியைத்தான் என்று முடித்தேன். முதலில் எழுதியதைவிட அது நல்ல முடிவு. பிழை விட்டிராவிட்டால் எனக்கு அது கிடைத்திருக்காது.

அடிக்குறிப்பில் இன்னும் ஒன்று சேர்த்தேன். முன்மொழிந்தவர் என்று போட்டு, அப்பாவின் முழுப்பெயர்.

திங்கள் காலை விரிவுரையாளர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். நான்கு கேள்விகளையும் வெட்டினார். அப்பாவின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, ‘தேவையில்லை’ என்று எழுதினார். பிறகு ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்தார். அவர் சொன்ன மற்றத் திருத்தமெல்லாம் செய்தேன். அதை மட்டும் செய்யவில்லை.

கட்டிய ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, அப்பா கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, அடியில் ஞாயிறுத் தீர்மானத்தையும் அவர் பெயரையும் விரல் வைத்துக் காட்டினேன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“என்ன மகள், இவ்வளவு சின்னனாவோ போட்டவங்கள்?” என்றார். “பலகையில அந்த வரி நல்ல பெரிசா எல்லோ கிடக்கு.”